கோட்டைத் தாண்டாமல் ஒரு போர்: வரம்புக்குட்பட்ட போர் என்றால் என்ன?

2025 மே 7 அதிகாலையில் இந்தியா பாகிஸ்தானுக்குள்ளும் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீருக்குள்ளும் 9 இடங்களைத் தாக்கியது. மே 10 மாலை 5 மணிக்குச் சண்டை நின்றது. இடைப்பட்ட அந்த நான்கு நாளில் ஏவுகணை, ட்ரோன், பீரங்கி, விமானத்தள தாக்குதல் எல்லாம் நடந்தன. ஆனால் இரண்டு அரசுகளில் எதுவும் போர் அறிவிக்கவில்லை. அப்படியானால் நடந்தது போரா இல்லையா என்று அப்போது பலர் கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் இதற்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன: வரம்புக்குட்பட்ட போர், குறைந்த தீவிர மோதல். இரண்டையும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. அதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டு சொற்கள், இரண்டு விஷயங்கள்

வரம்புக்குட்பட்ட போர் என்பது இரண்டு நாடுகளின் படைகள் நேருக்கு நேர் மோதும் உண்மையான போர்தான். ஆனால் கையில் இருக்கும் முழு பலத்தையும் யாரும் இறக்குவதில்லை, எதிரி நாட்டையே கவிழ்ப்பதும் நோக்கம் இல்லை. ஒரு மலைமுகடு, ஒரு எல்லைத் துண்டு, ஒரு பாடம் கற்பிப்பது என்று குறி சின்னதாக இருக்கும். அந்த வரம்பு பெரும்பாலும் நான்கு விஷயங்களில் தெரியும்:

1. நோக்கம். எதை அடைந்தால் நிறுத்துவது என்பது.
2. இடம். எந்தக் கோட்டுக்குள் சண்டை போடுவது என்பது.
3. ஆயுதம். எதை எடுப்பது, எதை உறையிலேயே வைப்பது.
4. இலக்கு. எதை அடிக்கலாம், எதைத் தொடக்கூடாது. முகாமை அடிக்கலாம், தலைநகரத்தைத் தொடக்கூடாது என்கிற மாதிரி.

குறைந்த தீவிர மோதல் வேறு வகை. அங்கே பெரும்பாலும் ஒரு பக்கம் அரசுப் படை, மறுபக்கம் கெரில்லாக் குழுவோ ஆயுதக் கிளர்ச்சியோ, அதற்குப் பின்னால் பணமும் ஆயுதமும் பயிற்சியும் தருகிற இன்னொரு நாடோ இருக்கும். பெரிய படைநகர்வு இருக்காது. பதுங்கித் தாக்குவது, சாலையில் கண்ணிவெடி, ஊரடங்கு, சுற்றிவளைப்பு, தேடுதல் என்று வருடக்கணக்கில் இழுக்கும். ஒரே மோதலில் இரண்டும் சேர்ந்து வரலாம். காஷ்மீரில் 1989-90 முதல் நடப்பது இரண்டாவது வகை, அதன் நடுவே 1999-இல் கார்கிலில் வெடித்தது முதல் வகை.

வரம்பை ஒருவர் மட்டும் போட முடியாது: கொரியா

அணுகுண்டு வந்த பிறகு வந்த முதல் பெரிய வரம்புக்குட்பட்ட போர் கொரியப் போர். 1950 ஜூன் 25-இல் வட கொரியா தெற்கே இறங்கியது, அமெரிக்கா தலைமையில் ஐ.நா. படை வந்தது, அக்டோபரில் சீனப் படை எல்லையான யாலு ஆற்றைக் கடந்து வந்தது. அந்த ஆறுதான் கோடு. நவம்பரில் யாலு பாலங்களைக் குண்டு வீசித் தகர்க்க அமெரிக்க விமானங்களுக்கு அனுமதி கிடைத்தபோது அதில் ஒரு நிபந்தனை இருந்தது: பாலத்தின் கொரியப் பாதியை மட்டும் அடிக்க வேண்டும், சீனப் பாதியைத் தொடக்கூடாது. ஒரே பாலம், ஒரே இரும்பு, நடு ஆற்றில் ஒரு கண்ணுக்குத் தெரியாத கோடு. சீனாவுக்குள்ளேயே போரை விரிக்க வேண்டும் என்று வெளிப்படையாக மல்லுக்கு நின்ற தளபதி மெக்ஆர்தரை அதிபர் ட்ரூமன் 1951 ஏப்ரல் 11-இல் பதவி நீக்கினார்.

மறுபக்கமும் ஒரு வரம்பைக் காத்தது. மிக்-15 விமானங்களை ஓட்டியவர்களில் பலர் சோவியத் விமானிகள். விமானத்தில் சீன, கொரிய அடையாளம். முன்வரிசையைத் தாண்டியோ கடல் பக்கமாகவோ பறக்கக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு, விழுந்தால் பிடிபட்டுவிடக்கூடாதே என்பதற்காக. அமெரிக்கர்களுக்கும் இது தெரியும். தெரிந்தும் வெளியே பேசவில்லை. பேசினால் அமெரிக்க மக்கள் சோவியத் மீது போர் கேட்பார்கள், அதை ட்ரூமன் அரசு விரும்பவில்லை.

வரம்பு என்பது கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு எதிரிகளும் பேசாமலேயே ஒரே கோட்டை ஒரே மாதிரி புரிந்துகொண்டு, இரண்டு பேரும் அதை மதிக்கும்வரைதான் அது நிற்கும். அதனால்தான் ஆறு, மலைமுகடு, வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் கோடு என்று இரண்டு பக்கமும் பார்க்கக்கூடிய ஒன்று வரம்பாக மாறுகிறது. ‘கொஞ்சமாக அடிப்போம்’ என்பது வரம்பு ஆகாது. எவ்வளவு கொஞ்சம் என்பது எதிரிக்குத் தெரியாது.

அப்புறம் இன்னொன்று. அந்த ‘வரம்புக்குட்பட்ட’ போரில் செத்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல், பெரும்பகுதி கொரியப் பொதுமக்கள். வரம்பு அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் இருந்தது. பியோங்யாங்கில் இருந்தவருக்கு அப்படி எதுவும் இல்லை.

அணுகுண்டு இருந்தால் சண்டை குறையுமா?

குறையும் என்றுதான் தோன்றும். இரண்டு பேரிடமும் அணுகுண்டு இருந்தால் யார் துணிவார்கள்? ஆனால் 1960-களிலேயே ஆய்வாளர்கள் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். மேல்மட்டத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அழிக்க முடியும் என்றால் பெரிய போர் வராது என்கிற நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கையே கீழ்மட்டத்தில் துணிச்சலைக் கொடுக்கிறது: ‘நான் சின்னதாக ஒன்று செய்தால், அதற்காக அவன் அணுகுண்டுவரை போக மாட்டான், ஆகவே செய்யலாம்.’ மேலே நிலைத்தன்மை, அதனாலேயே கீழே நிலையின்மை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் தெற்காசியாவின் கடந்த கால் நூற்றாண்டில் பாதி புரிந்துவிடும்.

தேதிகளைப் பாருங்கள். 1998 மே மாதம் இந்தியா பொக்ரானிலும் பாகிஸ்தான் சாகாயிலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தன. 1999 பிப்ரவரியில் பிரதமர் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போய் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபுடன் லாகூர் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தின் மை காயும் நேரத்திலேயே பாகிஸ்தானின் வடக்கு இலகு காலாட்படை வீரர்கள் கார்கில் மலைகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

கார்கில்: வரம்பின் விலை எங்கே விழுந்தது

குளிர்காலத்தில் இரு தரப்பும் காலிசெய்யும் முகடுகள் அவை. மே மாதத் தொடக்கத்தில் உள்ளூர் மேய்ப்பர்கள்தான் முதலில் ஆள் நடமாட்டத்தைப் பார்த்துச் சொன்னார்கள். முஷ்கோ, திராஸ், காக்சர், படாலிக் என்று நீண்ட பகுதியில் ஊடுருவியவர்கள் முகடுகளில் கல்லை அடுக்கிப் பாதுகாப்பரண் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஸ்ரீநகர்-லே நெடுஞ்சாலை. திராஸுக்கு மேலே உள்ள டோலோலிங்கிலிருந்து அந்தச் சாலையில் போகும் லாரியைப் பார்த்து பீரங்கிக்குக் குறி சொல்ல முடியும். லடாக்குக்கும் சியாச்சினுக்கும் சாமான் போகும் வழி அது.

இந்திய அரசு என்ன முடிவெடுத்தது? மே 26 முதல் விமானப்படையை இறக்கலாம், ஆனால் காஷ்மீரில் இரு நாட்டுப் பகுதிகளையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக்கூடாது. தரைப்படைக்கும் அதே உத்தரவு. இந்த ஒரு வரி போரின் முகத்தையே மாற்றியது.

ஊடுருவியவர்களுக்குச் சோறும் தோட்டாவும் கோட்டுக்கு அந்தப் பக்கம் குல்தாரி போன்ற தளங்களிலிருந்து வந்தன. சாதாரணப் போரில் முதலில் அந்தத் தளங்களையும் வழிகளையும்தான் அடிப்பார்கள். மேலே இருப்பவர் தானாகப் பட்டினியில் இறங்கி வருவார். கோட்டைத் தாண்டக்கூடாது என்றதும் அது முடியாமல் போனது. பின்னால் போய் வளைக்கவும் முடியாது. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான்: கீழேயிருந்து, எதிரி பார்த்துக்கொண்டிருக்கும் சரிவில், நேராக மேலே ஏறுவது.

அது எப்படி இருந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உயரம் 15,000 அடிக்கு மேல். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஒளிந்துகொள்ள ஒரு மரம் கிடையாது, வெறும் பாறையும் சரளையும். அதனால் இரவில் ஏறினார்கள், விடிவதற்குள் மேலே போகாவிட்டால் பகல் முழுக்கப் பாறை இடுக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். முதுகில் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு அளவு இருந்ததால் பலர் சாப்பாட்டைக் குறைத்துத் தோட்டாவைக் கூட்டி எடுத்துப் போனார்கள். டோலோலிங் ஒன்றை மீட்கவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகி, ஜூன் 13-இல்தான் கைக்கு வந்தது. டைகர் ஹில் ஜூலை 4-இல்.

திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் மே 29-இல் படாலிக் பகுதியில் விழுந்தார். அவர் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, அந்த முகட்டை மீட்கும்வரை யாரும் நெருங்க முடியவில்லை.

விமானப்படைக்கும் இதே கதை. முதல் மூன்று நாளுக்குள் இரண்டு போர்விமானங்களும் ஒரு ஹெலிகாப்டரும் பறிபோயின. கோட்டுக்கு இந்தப் பக்கமே திரும்ப வேண்டும் என்பதால் எந்தத் திசையிலிருந்து வந்து எப்படிக் குண்டு போடுவது என்பதில் விமானிகளுக்கு இடமே இல்லாமல் இருந்தது. பிறகு உயரத்திலிருந்து தாக்கும் முறைக்கு மாறி, மிராஜ் விமானங்களும் லேசர் வழிகாட்டும் குண்டுகளும் வந்த பின்தான் நிலைமை திரும்பியது. தரையில் போஃபர்ஸ் பீரங்கிகள் நேரடியாக முகடுகளைப் பார்த்துச் சுட்டன.

இந்தியத் தரப்பில் உயிரிழந்த வீரர்கள், அரசுக் கணக்குப்படி, 527 பேர். இதில் எத்தனை பேர் கோட்டுக்காகச் செத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டாததற்கான விலையில் பெரும்பங்கு அந்தச் சரிவுகளில்தான் கொடுக்கப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் அந்த முடிவு தப்பா? இல்லை, சரியான முடிவு என்றே நினைக்கிறேன், காரணங்களோடு:

1. கோட்டுக்குள் நின்றதால் யார் தாண்டினார்கள் என்பதில் உலகத்துக்குக் குழப்பம் இல்லாமல் போனது. ஜூன் மாதம் ஜெர்மனியின் கொலோனில் கூடிய ஜி-8 நாடுகள் ஊடுருவலைக் கண்டித்தன, சீனாகூட பாகிஸ்தானுக்குப் பக்கபலமாக வரவில்லை.
2. ஜூலை 4-இல் நவாஸ் ஷெரீஃப் வாஷிங்டன் போய் கிளின்டனைப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரே பதில்: படையைக் கோட்டுக்குப் பின்னால் எடுங்கள்.
3. அணுகுண்டு சோதனை முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எது எதிரியின் சிவப்புக் கோடு என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. தெரியாத இருட்டில் நின்ற இடத்திலேயே நிற்பது புத்திசாலித்தனம்.

பொய்யும் ஒரு வரம்பானது

பாகிஸ்தான் ஆரம்பம் முதலே, மேலே இருப்பவர்கள் எங்கள் ராணுவம் இல்லை, காஷ்மீர் முஜாஹிதீன்கள் என்று சொன்னது. பெய்ஜிங்கில் இருந்த பாகிஸ்தான் ராணுவத் தளபதி முஷாரஃபும் ராவல்பிண்டியில் இருந்த ஜெனரல் அஜீஸ் கானும் பேசிய தொலைபேசி உரையாடலை இந்திய உளவுத்துறை பதிவுசெய்தது, ஜூன் 11-இல் அரசு அதை வெளியிட்டது. அதோடு அந்தக் கதை கிழிந்தது.

ஆனால் அந்தப் பொய் என்ன செய்தது என்று யோசிக்க வேண்டும். ‘எங்கள் ஆள் இல்லை’ என்று சொல்லிவிட்டதால் அவர்களைக் காப்பாற்றத் தன் விமானப்படையைப் பாகிஸ்தான் இறக்க முடியவில்லை. இறக்கினால் பொய் உடையும். ஆக, அந்த மறுப்பே சண்டையை ஒரு அளவுக்குமேல் பெருகாமல் தடுத்தது. அந்த வரம்பின் விலையைக் கொடுத்தவர்கள் முகட்டில் இருந்த பாகிஸ்தான் வீரர்கள். மேலிருந்து உதவி இல்லை, சாமான் வரத்து குறைந்தது, செத்தபின் பலருடைய உடலைக்கூட அவர்கள் நாடு ஆரம்பத்தில் ஏற்கவில்லை. இந்திய வீரர்களே இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தார்கள். டைகர் ஹில்லில் விழுந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கானின் (‘கர்னல்’ பதவி இல்லை, பெயர்) வீரத்தை எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து உடலை அனுப்பியவர் எதிரணியில் நின்ற இந்திய பிரிகேடியர். பின்னால் பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-இ-ஹைதரை ஷேர் கானுக்குக் கொடுத்தது. ராணுவமே இல்லை என்று சொன்ன ஒருவருக்கு ராணுவத்தின் உச்ச விருது.

கோடு நகர்ந்துகொண்டே வந்தது

கார்கில் பற்றி ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், தமிழ்நாட்டில் பிறந்த பாதுகாப்புச் சிந்தனையாளர் கே. சுப்ரமணியம். உளவு, எல்லைக் காவல், முடிவெடுக்கும் அமைப்பு எல்லாவற்றிலும் இருந்த ஓட்டைகளை அந்த அறிக்கை சொன்னது. 2000 ஜனவரியிலேயே அணுகுண்டு நிழலிலும் வரம்புக்குட்பட்ட போருக்கு இடமுண்டு என்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் பேசினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நெருக்கடியிலும் கோடு கொஞ்சம் நகர்ந்தது.

2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் இந்தியா பெரும்படையை எல்லைக்கு நகர்த்தியது. தாக்குப்படைகள் போய்ச்சேரவே மூன்று வாரம் ஆனது, அதற்குள் உலகமே தலையிட்டுவிட்டது. பத்து மாதம் நின்றுவிட்டுப் படை திரும்பியது. போரே நடக்காமல் கண்ணிவெடி பதிக்கும் வேலையிலும் விபத்திலும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். இதிலிருந்து பிறந்ததுதான் சின்ன படைப்பிரிவுகளை வைத்துச் சட்டென்று உள்ளே போய் அடித்து நிற்பது என்கிற ‘கோல்ட் ஸ்டார்ட்’ யோசனை. பதிலுக்கு பாகிஸ்தான் 2011-இல் 60 கிலோமீட்டர் மட்டுமே போகும் நஸ்ர் ஏவுகணையைச் சோதித்தது. அது சின்ன அணுகுண்டைப் போர்க்களத்திலேயே போடுவதற்கானது. ஒருவர் வரம்புக்குள் இடம் தேடினால் மற்றவர் அந்த இடத்தையே அடைக்கப் பார்க்கிறார்.

2016 செப்டம்பரில் உரி தாக்குதலுக்குப் பின் தரைப்படை கோட்டைத் தாண்டிப் போய் வந்தது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின் விமானங்கள் பாகிஸ்தான் மண்ணிலேயே பாலாகோட்டை அடித்தன. அன்று வெளியுறவுச் செயலர் படித்த அறிக்கையில் அதை ‘இராணுவம் சாராத முன்னெச்சரிக்கை நடவடிக்கை’ என்றார். விநோதமாகத் தெரியும், ஆனால் அந்தச் சொற்கள் எதிரிக்குச் சொன்ன சேதி: உன் படையை அடிக்கவில்லை, நீ விரும்பினால் இங்கேயே நிறுத்தலாம். மறுநாள் பாகிஸ்தான் பதிலடி கொடுத்தது, தமிழரான விமானி அபிநந்தன் பிடிபட்டார், மார்ச் 1-இல் விடுவிக்கப்பட்டார். அதே பிப்ரவரி 27 காலையில் பட்காம் அருகே இந்திய ஏவுகணை ஒன்று இந்திய ஹெலிகாப்டரையே வீழ்த்தியதில் ஆறு விமானப்படையினரும் கீழே இருந்த ஒரு குடிமகனும் இறந்தார்கள். திட்டம் போட்டவர்கள் ஒவ்வொரு படியையும் அளந்து வைக்கலாம். பதற்றத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தப்பாகப் பார்ப்பதை யாரும் அளந்து வைக்க முடியாது.

2025-இல் மே 7-இன் அறிக்கையும் அதே பாணிதான்: அளவான தாக்குதல், பாகிஸ்தானின் ராணுவ நிலைகள் எதையும் அடிக்கவில்லை. மூன்றே நாளில், மே 10-இல், ராவல்பிண்டி பக்கத்து நூர் கான் உட்பட விமானத்தளங்களே அடிபட்டன. 1999-இல் பேசவே முடியாத இலக்குகள் அவை.

சீன எல்லையில் வேறொரு வரம்பு. 1996 ஒப்பந்தப்படி எல்லைக்கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடக்கூடாது. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் இரண்டு பக்கமும் அதை மதித்தன, ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. ஆணி பதித்த கம்பியாலும் கல்லாலும் அடித்துக்கொண்டார்கள். ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி உட்பட 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். விதி மீறப்படவில்லை.

‘குறைந்த தீவிரம்’ யாருக்கு?

இந்தச் சொல் 1980-களில் அமெரிக்க ராணுவத்தில் பரவலானது, மத்திய அமெரிக்காவை மனதில் வைத்து. எல் சால்வடோர் அரசுக்கு உதவ அமெரிக்கா தனக்குத்தானே ஒரு வரம்பு போட்டுக்கொண்டது: ஒரு நேரத்தில் 55 ராணுவப் பயிற்சியாளர்களுக்கு மேல் அனுப்புவதில்லை. வியட்நாம் மாதிரி மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. அந்த 12 வருட உள்நாட்டுப் போரில் செத்த சால்வடோர் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர். சின்ன நாடு அது. 55 பேர் என்பது வாஷிங்டனின் கணக்கு, 75,000 என்பது அந்த ஊர்களின் கணக்கு. ‘குறைந்த’ என்கிற சொல் முதல் எண்ணைப் பார்த்து வைத்தது.

நமக்குப் பக்கத்திலேயே இதைப் பார்த்தோம். 1987 ஜூலையில் இலங்கைக்குப் போன இந்தியப் படைக்குப் பெயரே அமைதி காக்கும் படை. அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியது. அந்த மாதமே யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் வைத்தியர்களும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் சுமார் 1,200 இந்திய வீரர்களும் இறந்திருந்தார்கள். டெல்லிக்கு அது ஒரு வெளிநாட்டு நடவடிக்கை. வளவுக்குள் பங்கர் வெட்டி மேலே பனங்குற்றி அடுக்கிப் பிள்ளைகளோடு அதற்குள் இருந்தவர்களுக்கு அதில் குறைந்தது எதுவும் இல்லை.

அடுத்த நெருக்கடியில் எதைப் பார்ப்பது?

தொலைக்காட்சியின் சத்தத்தை விட்டுவிட்டு இந்த மூன்றைக் கவனிக்கலாம்:

1. முதல் அறிக்கையின் சொற்கள். எதை அடிக்கவில்லை என்று சொல்கிறார்களா? சொன்னால் நிறுத்தத் தயார் என்று அர்த்தம்.
2. இரண்டு நாட்டு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் பேசுகிறார்களா? மே 10-இல் சண்டை நின்றது அந்தத் தொலைபேசி வழியாகத்தான்.
3. எல்லையோர ஊர்களில் பீரங்கி விழுகிறதா? இதைத்தான் யாரும் வரம்பில் சேர்ப்பதில்லை.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏவுகணை எந்தத் தளத்தை அடிக்கும், எதை அடிக்காது என்று தலைநகரங்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கின்றன. கட்டுப்பாட்டுக் கோட்டின் இரண்டு பக்கமும் பீரங்கி எட்டும் தூரத்தில் வாழ்பவர்கள் அந்தத் தேர்வில் வருவதே இல்லை. 2025 மே 7 அன்று பூஞ்ச் நகரில் குண்டு விழுந்து பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. ஜம்மு எல்லை மாவட்டங்களில் 14,000-க்கும் மேற்பட்ட பதுங்குகுழிகள் கட்ட ஒன்றிய அரசு பல வருடம் முன்பே அனுமதி கொடுத்திருந்தது, பெரும்பாலும் கோட்டை ஒட்டிய கிராமங்களுக்கு. பூஞ்ச் நகருக்குள் அன்று பலருக்கு ஓடி ஒளிய ஒரு குழி இல்லை.